அருள்நாயகி கேட்ட கேள்வி

அத்தியாயம் பதினொன்று

பத்தொன்பது நாள்களுக்குப் பிறகு அன்று காலை சிவபாலன் முகச்சவரம் செய்திருந்தார்.

ஆறு மணிக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டுக் குசினிக்குள் வந்த அருள்நாயகி, அவரைப் பார்த்ததும் கதவடியிலேயே நின்றுவிட்டாள். குளித்து, தலை இழுத்து, நீலச் சேர்ட் போட்டிருந்தார். மேசையில் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருந்தது.

"என்ன, இவ்வளவு வெள்ளென எழும்பிட்டியள்?"

"நித்திரை நல்லா வந்துது. அதுதான் எழும்பிட்டன். குடிச்சிட்டுப் போம்."

நித்திரை. இந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டே எவ்வளவோ காலம்.

வைகாசியில் தொடங்கியது இது. டென்மார்க்கின் பிராண்டே நகரில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த மனிதர், ஒருநாள் தேநீர் இடைவேளை முடிந்தும் கதிரையை விட்டு எழும்பவில்லை. மேற்பார்வையாளர் வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். குடும்ப டாக்டர் அதற்கு டிப்ரெஷன் என்று பெயர் சொன்னார். குளிசை தந்தார். சுகயீன லீவு மாதம் மாதமாக நீண்டது.

போன கிழமை ஓர்ஹூஸிலிருந்து மகள் நிரோஜினி வந்து, தகப்பனின் தட்டில் சோறு பிசைந்தபடியே காய்ந்து கிடந்ததைப் பார்த்து, காருக்குள் இருந்து அழுதுவிட்டுத்தான் திரும்பிப் போனாள்.

ஊர்ச்சனத்துக்கு அருள்நாயகி சொன்னது வேறு. கோவிலில் கேட்டவர்களுக்கு முதுகு நோ என்றாள். கடையில் கேட்டவர்களுக்குப் பிறஷர் என்றாள். இரண்டு பேர் சேர்ந்து நின்று கேட்டபோது இரண்டையும் சொன்னாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரில் ஒரு மாற்றம். கராஜைக் கூட்டினார். இரண்டு காருக்கும் குளிர்கால டயர் மாற்றினார். வெப்பமூட்டியை எப்படிக் கூட்டிக் குறைப்பது, தண்ணீர்க் குழாயின் பிரதான பூட்டு எங்கே இருக்கிறது என்று அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். இணையத்தில் எது எதற்கு எந்தக் கடவுச்சொல் என்று ஒரு தாளில் வடிவான எழுத்தில் எழுதி லாச்சிக்குள் வைத்தார்.

"இதெல்லாம் நீரும் தெரிஞ்சு வைச்சிருக்கவேணும்," என்றார்.

அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. குளிசை வேலை செய்யுது என்று நினைத்தாள். அன்று காலை இக்காஸ்ட்டிலிருந்து பிராண்டேக்கு இருட்டுக்குள் காரோட்டிப் போகையில், பல மாதங்களுக்குப் பிறகு வானொலியைப் போட்டாள்.

*

அருள்நாயகி வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே பதினொரு மணிக்குத்தான் கிறிஸ்துநாயகத்தின் அழைப்பு வந்தது.

கிறிஸ்துநாயகம் சிவபாலனோடு ஒரே பிரிவில் வேலை செய்து, போன வருடம் இளைப்பாறியவர். இக்காஸ்ட்டில் நாலு தெரு தள்ளி வீடு. இரண்டு பேரும் வருடா வருடம் மேற்குக் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போவார்கள்.

"தங்கச்சி, வேலையோ? ஒரு விசயம். சிவம் இப்பத்தான் இஞ்சை வந்திட்டுப் போறார்."

"அவரோ? வெளியிலை வந்தவரோ?"

"ஓம். தன்ர தூண்டில், பெட்டி, அந்த நல்ல சப்பாத்து, எல்லாத்தையும் கொண்டுவந்து விறாந்தையிலை வைச்சிட்டு, இனி இதுகளை நீ வைச்சுக்கொள்ளடாப்பா எண்டார். ஏனடா எண்டு கேட்டன். எனக்கு இனித் தேவைப்படாது எண்டுபோட்டுப் போறார். என்ன, நாட்டுக்குக் கீட்டுக்குப் போற யோசினையோ?"

அருள்நாயகி சிரித்தாள். "இல்லை அண்ணை. வீடு துப்பரவாக்குறார். நாலு நாளா நல்லா இருக்கிறார்."

"அப்ப சரி," என்றார் கிறிஸ்துநாயகம். ஆனால் உடனே போனை வைக்கவில்லை. "என்னவோ, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டவர். அப்பிடிச் செய்யிற ஆளில்லை. சரி, நீர் வேலையைப் பாரும்."

பன்னிரண்டேகாலுக்கு, மதிய இடைவேளையில், அந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் மகளுக்குப் போன் எடுத்தாள். தகப்பன் சவரம் செய்ததைச் சொன்னாள். தேத்தண்ணீர் ஊற்றி வைத்ததைச் சொன்னாள். தானாகவே வெளியே போய்க் கூட்டாளியைப் பார்த்துத் தூண்டிலைக் குடுத்ததைச் சொன்னாள்.



"நிரோ? கேக்குதோ?"

"வேற என்ன குடுத்தவர்?"

"வேற ஒண்டும் இல்லை. ஏன்?"

"வேற என்ன செய்தவர், அம்மா? இந்தக் கிழமை முழுக்க. எல்லாத்தையும் சொல்லுங்கோ."

அருள்நாயகி டயரைச் சொன்னாள். தண்ணீர்ப் பூட்டைச் சொன்னாள். கடவுச்சொல் தாளைச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தன் குரல் தனக்கே வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. வரிசையாகச் சேர்த்துச் சொன்னபோதுதான் அது ஒரு பயணத்துக்கு வெளிக்கிடுகிற ஆளின் வேலை மாதிரி இருந்தது.

"நேற்று இரவு எனக்கும் போன் எடுத்தவர்," என்றாள் நிரோஜினி. "நான் உனக்கு ஏதும் குறை விட்டனானோ எண்டு கேட்டவர். நான் பஸ்ஸுக்குள்ளை நிண்டனான். பிறகு கதைக்கிறன் எண்டு வைச்சிட்டன்."

பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். அடுத்ததெல்லாம் டேனிஷில்தான் வந்தது. வீட்டுக்குப் போங்கள். இப்போதே. நான் ஒரு இடத்துக்கு அடித்துக் கேட்டுவிட்டு உங்களுக்கு எடுக்கிறேன். அதுவரை அப்பாவுக்குப் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும். கிறிஸ்து மாமாவைப் போகச் சொல்லுங்கள்.

"மூண்டு மணிவரைக்கும் வேலையிருக்கு பிள்ளை."

"அம்மா," என்றாள் நிரோஜினி.

*

பொறுப்பாளர் லோனேயிடம் வீட்டில் சுகமில்லை என்று மட்டும் சொன்னாள். லோனே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள்.

காருக்குள் ஏறி இருந்த பிறகும் கிறிஸ்துநாயகத்தின் இலக்கத்தை அழுத்த விரல் போகவில்லை. என்ன சொல்லி அனுப்புவது? ஆறு மாதமாக முதுகு நோ என்று சொன்ன வாயால் இப்போது எதைச் சொல்வது? வாகனத் தரிப்பிடத்தில் ஒரு முழு நிமிடம் அப்படியே இருந்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத் தன்னை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு அழுத்தினாள்.

"அண்ணை, வீட்டை போங்கோ. அவரோடை இருங்கோ. நான் வாறவரைக்கும் அவரைத் தனிய விடாதையுங்கோ. ஏன் எண்டு பிறகு சொல்லுறன்."

"போறன்," என்றார் கிறிஸ்துநாயகம். கேள்வி கேட்கவில்லை. போனை வைக்க முன்பே அவர் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இரண்டு பக்கமும் உழுது விட்ட வயல். தூறல். மதியம் ஒரு மணிக்கே பொழுதுபட்ட மாதிரி வெளிச்சம். பாதி வழியில் நிரோஜினி திரும்ப எடுத்தாள். அவளும் காரில்தான் வந்துகொண்டிருந்தாள்.

"லிவ்ஸ்லினியனுக்கு அடிச்சனான். தற்கொலை நினைப்பு உள்ளவைக்கும் அவையின்ர வீட்டாக்களுக்கும் ஆலோசனை சொல்லுற இடம். அவை சொல்லீச்சினம், நேராக் கேக்கட்டாம்."

"என்னத்தை?"

"சாகவேணும் எண்டு நினைக்கிறீங்களோ எண்டு. அந்தச் சொல்லாலையே கேக்கட்டாம்."

"விசர்க்கதை கதையாதை. இல்லாத நினைப்பை நாங்களே மண்டைக்குள்ளை போட்ட மாதிரி ஆகாதோ?"

"ஆகாதாம். அதையும் கேட்டனான். இல்லாத ஆளுக்குக் கேக்கிறதாலை வராது. இருக்கிற ஆளுக்கு, ஆரோ கேட்டுட்டினம் எண்டு ஒரு ஆறுதலாம். அம்மா, நான் வர இன்னும் முக்கால் மணித்தியாலம் செல்லும். நீங்கள்தான் கேக்கவேணும். ஓம் எண்டா, எப்ப, எப்பிடி எண்டும் கேளுங்கோ. ஏசக்கூடாது. எங்களை யோசிக்கேல்லையோ எண்டு கேக்கக்கூடாது. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் குடுக்கக்கூடாது. அவர் கதைக்க நீங்கள் கேளுங்கோ. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அருள்நாயகிக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. இல்லத்தில் இரண்டு வருடத்துக்கு முன் அதற்கென்று ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். மனுசன் செத்த பிறகு சாப்பிட மறுத்த ஒரு டேனிஷ் கிழவியிடம் கட்டில் விளிம்பில் இருந்து அவளே கேட்டிருக்கிறாள். டேனிஷில் கேட்க வாய் கூசவில்லை. அந்தப் பாஷையில் அது வேலை. தமிழில் அந்தச் சொல்லை அவர்கள் வீட்டில் கோபத்துக்குக்கூட யாரும் சொன்னதில்லை.

*

வளவுக்குள் இரண்டு கார்கள் நின்றன. சிவபாலனுடையது, கிறிஸ்துநாயகத்தினுடையது. தன் காரைத் தெருவோரம் விட்டுவிட்டு இறங்கினாள்.

உள்ளே இரண்டு ஆண்களும் வரவேற்பறையில் ஆளுக்கொரு கதிரையில் இருந்தார்கள். தொலைக்காட்சி நிறுத்தியிருந்தது. அவளைக் கண்டதும் கிறிஸ்துநாயகம் எழும்பி, "நான் வெளியிலை நிக்கிறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டை விட்டுப் போகவில்லை. யன்னலுக்கு அப்பால் தூறலுக்குள் சிகரெட் பற்றவைப்பது தெரிந்தது.

"ஏன் நேரத்தோடை வந்தனீர்?" என்று கேட்டார் சிவபாலன்.

"தலையிடி."

"குளிசை போட்டனீரோ?"

"இல்லை. தேத்தண்ணி குடிச்சா மாறும்."

குசினிக்குப் போனாள். தண்ணீர் கொதிக்க வைத்தாள். இரண்டு கோப்பை எடுத்தாள். சீனி போட்டாளா என்பது மறந்து திரும்பவும் போட்டாள். போன் ஒளிர்ந்தது. மகளின் செய்தி. 'கேட்டனீங்களோ?'

தேத்தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள். மழையைப் பற்றிக் கதைத்தாள். இரவைக்கு என்ன சமைக்கிறது என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் மெதுவாக, மரியாதையாகப் பதில் சொன்னார், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. அந்த மரியாதைதான் அவளைக் கலங்கவைத்தது.

எதிர்க் கதிரையிலிருந்து எழும்பி அவர் பக்கத்தில் போய் இருந்தாள்.

"இஞ்சருங்கோ. நான் ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ." நிறுத்தினாள். திரும்பத் தொடங்கினாள். "உங்களுக்குச் சாகவேணும் எண்டு நினைப்பு இருக்கோ?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் பிசினும் கண்ணாடி நாரும் ஒட்டித் தோல் தடித்த கைகள். சுவரோரம் வெப்பமூட்டி டிக் டிக் என்று சூடாகிக்கொண்டிருந்தது. அவர் மறுத்துவிடுவார், கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அப்படி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"ஓம்," என்றார் சிவபாலன்.

அருள்நாயகியின் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. என்னை யோசிச்சீங்களோ, பெத்த பிள்ளையை யோசிச்சீங்களோ, உங்களுக்கு நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள். பல்லைக் கடித்து எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஏன் எண்டு மட்டும் கேளாதையும். எனக்கே விளங்கேல்லை. காலமை கண் முழிக்கேக்கை நெஞ்சுக்குள்ளை சீமெந்து ஊத்தி விட்ட மாதிரி. நீர் வேலையாலை களைச்சு வாறீர். வந்து எனக்குச் சமைக்கிறீர். நான் தின்னுறேல்லை. பிறகு சனத்துக்கு என்னாலை பொய் சொல்லுறீர். நான் ஆறு மாசமா இந்தக் கதிரையிலை ஒரு மூட்டை மாதிரிக் கிடக்கிறன். நான் இல்லாட்டி உங்கள் ரெண்டு பேருக்கும் லேசாயிருக்கும் எண்டு பட்டுது."

"இந்த நாலு நாளும் நல்லாத்தானே இருந்தனீங்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தன். எடுத்த பிறகு நித்திரை வந்துது."

அவள் காலையில் வானொலி கேட்டுக்கொண்டு போனதை நினைத்தாள்.

எப்போது, எப்படி என்றும் கேட்டாள். மகள் கேட்கச் சொல்லியிருந்தாள். அவர் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. நாளை என்ற சொல் அதில் இருந்தது என்பது போதும். அருள்நாயகி எழும்பிப் போய், ஒரு பொருளை எடுத்துக் கொண்டுவந்து, வெளியே நின்ற கிறிஸ்துநாயகத்தின் கையில் கொடுத்து, காரில் வைத்துப் பூட்டச் சொன்னாள். திரும்பி வந்தபோது சிவபாலன் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"நிரோவுக்குச் சொல்லாதையும்," என்றார்.

"அவளுக்குத் தெரியும். அவள்தான் என்னைக் கேக்கச் சொன்னவள். அவள் வந்துகொண்டிருக்கிறாள்."

சிவபாலன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அருள்நாயகி அவர் முதுகில் கை வைத்தாள். நீலச் சேர்ட்டுக்குள் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. மூன்று மாதமாக அந்த முதுகைத் தான் தொடவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

*

நிரோஜினி வந்து சேர இரண்டு மணி ஆகிவிட்டது. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து, தகப்பனின் காலடியில் நிலத்தில் இருந்தாள். இருபத்தேழு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். பொறுமைக்காரி.

"அப்பா, நேற்று நான் போனை வைச்சிருக்கக்கூடாது," என்றாள்.

"நீ என்ன செய்வாய் குஞ்சு."

குடும்ப டாக்டருடன் அவள் வழியிலேயே கதைத்திருந்தாள். டாக்டர் ஆஸ்பத்திரியின் மனநல அவசரப் பிரிவுக்கு அறிவித்துவிட்டார். இன்றைக்கே வரட்டாம், பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

சிவபாலன் தலையை ஆட்டினார். "அங்கை வேண்டாம். அங்கை எங்கட ஆக்கள் எத்தினை பேர் வேலை செய்யினம். துப்பரவு வேலைக்கு அருமைநாதனின்ர மனுசி. தாதியா ரெண்டு பிள்ளையள். நாளைக்கு விடிய முதல் இக்காஸ்ட் முழுக்கத் தெரிஞ்சிடும். சிவபாலனுக்கு விசர் எண்டு."

நிரோஜினி தாயைப் பார்த்தாள். இதே கதையைத்தான் புரட்டாதியில் அம்மாவும் சொன்னாள். அப்போதே அங்கே கொண்டுபோவோம் என்று மகள் கேட்டதற்கு, உன்ர கலியாணப் பேச்சு முடியட்டும் என்று மறித்தவள் அவள்தான்.

அருள்நாயகியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியட்டும்," என்றாள்.

"உமக்கு விளங்கேல்லை..."

"விளங்குது. நீங்கள் சுகமில்லாமல் இருக்கிறியள் எண்டு தெரியட்டும். நான் நாளைக்கு உங்களுக்குச் செத்தவீடும் எட்டுச் செலவும் செய்யிறதைச் சனம் தெரிஞ்சுகொள்ளுறதைவிட, நீங்கள் ஆஸ்பத்திரியிலை இருக்கிறதைத் தெரிஞ்சுகொள்ளட்டும்."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் மகள் அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். ஏசக்கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்து, அருள்நாயகி குரலைத் தணித்தாள்.

"நான் உங்களைக் குறை சொல்லேல்லை. நான்தான் மூடி மூடி வைச்சன். அது பிழை. இனி என்னாலை ஏலாது. வாங்கோ, போவம். நான் பக்கத்திலை இருப்பன்."

சிவபாலன் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தார். மகளும் தாயும் அவசரப்படுத்தவில்லை. யன்னலில் மழை கொஞ்சம் பலத்தது. கடைசியில் அவர் எழும்பி, தன் குளிர்ச்சட்டை எங்கே என்று கேட்டார்.

வாசலில் கிறிஸ்துநாயகம் நனைந்துபோய் நின்றார். அருள்நாயகி அவரைத் தாண்டிப் போகவில்லை. நின்றாள்.

"அண்ணை, அவருக்கு முதுகு நோ இல்லை. பிறஷரும் இல்லை. மனசுக்குச் சரியான வருத்தம். செத்துப்போக நினைச்சிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறம்."

கிறிஸ்துநாயகம் தன் கூட்டாளியைப் பார்த்தார். சிவபாலன் நிலத்தைப் பார்த்தார்.

"கார்த் திறப்பைத் தாரும் தங்கச்சி," என்றார் கிறிஸ்துநாயகம். "நான் ஓட்டுறன். நீங்கள் மூண்டு பேரும் பின்னாலை இருங்கோ."

*

ஆஸ்பத்திரியில் காத்திருந்தது ஒன்றரை மணித்தியாலம். வெளியே முழுதாக இருட்டிவிட்டது. மணி நாலரைதான். துப்பரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் அந்தப் பக்கம் வந்தபோது சிவபாலன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். யாரோ போலந்துக்காரி. தன் பாட்டில் போனாள்.

மெட்டே என்ற தாதி அவர்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாற்பது வயதிருக்கும். அவசரமில்லாத குரல். சிவபாலன் முப்பத்தாறு வருடமாக டேனிஷ் கதைக்கிறவர். தொழிற்சாலையில் பகிடி விடுகிற அளவுக்குக் கதைப்பார். அன்றைக்கு அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மெட்டே கேட்டால் விளங்கியது. பதில் தமிழில்தான் வந்தது.

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம் என்றாள் மெட்டே.

"வேண்டாம்," என்றார் சிவபாலன். "ஆரின்ர குரல் எண்டு எனக்குத் தெரிஞ்சிடும். என்ர குரல் அவைக்குத் தெரிஞ்சிடும்."

மெட்டே அதைக் கேட்டுத் தலையாட்டினாள். குடும்பத்தவரை வைத்து மொழிபெயர்ப்பது தங்களுக்கு விருப்பமில்லை, நாளைக்கு வேறு ஊரிலிருந்து, பெயர் சொல்லாமல் ஒருவரை ஒழுங்குசெய்யலாம், இப்போதைக்கு மனைவி சொல்லட்டும் என்றாள். நிரோஜினியை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நித்திரை. சாப்பாடு. குளிசை ஒழுங்காக எடுத்தாரா. எடுக்கவில்லை, ஐந்து கிழமைக்கு முன்பே நிறுத்திவிட்டார். அதுவும் அருள்நாயகிக்குப் புதுச் செய்தி. தினமும் காலையில் தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். டேனிஷில் சொன்னாள். நாளைக்கு என்று அவர் வைத்திருந்த திட்டத்தையும் சொன்னாள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. மெட்டே ஒரு கோப்பைத் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் பொறுத்திருந்தாள்.

"இதற்கு முன்பு எப்போதாவது இப்படி இருந்ததா?" என்று மெட்டே கேட்டாள்.

இல்லை என்று சொல்ல அருள்நாயகி வாய் எடுத்துவிட்டாள். இருபத்தொன்பது வருடம் கூடவே வாழ்ந்தவளுக்குத் தெரியாதா.

"ஓம்," என்றார் சிவபாலன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நிரோ பிறந்த வருசம். மாசி மாசம். ரண்டர்ஸிலை இருக்கேக்கை. அண்டைக்கு நான் வீட்டை விட்டுப் போனது திரும்பி வாறதுக்கில்லை."

அந்த மாசி மாதம் அருள்நாயகிக்கு நன்றாக நினைவிருந்தது. பிள்ளைக்கு ஆறு கிழமை. அவளுக்கு இருபத்துநாலு வயது. பனி முழங்கால் வரை. இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு. இரவில் எழும்பிப் பிள்ளையைத் தோளில் போட்டு ஆராட்டியவர் அவர்தான். அவரைப் போல ஒரு தகப்பன் இல்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதினாள். அவர் எந்த நாள் போனார்? எந்த நாள் திரும்பி வந்தார்? அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் மெட்டே.

கதவுக்கு அந்தப் பக்கம் நிரோஜினி இருந்தாள். இல்லை, முன்பு இப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். சிவபாலனுக்கும் அது தெரியும். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருள்நாயகி அவர் சொன்னதைச் சொன்னபடியே டேனிஷில் சொன்னாள். வருடத்தைச் சொன்னாள். மாதத்தைச் சொன்னாள். திரும்பி வருவதற்கில்லை என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லி முடித்தபோது சிவபாலனின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. வருடக்கணக்காகத் தூக்கி வைத்திருந்த எதையோ மெல்ல நிலத்தில் வைத்த மாதிரி இருந்தது.

"இன்றிரவு இங்கே தங்குவீர்களா?" என்று மெட்டே அவரிடமே கேட்டாள்.

"ஓம்," என்றவர், கொஞ்சம் யோசித்து, "யா," என்று டேனிஷில் திருத்திச் சொன்னார். அன்று அவர் சொன்ன முதல் டேனிஷ் சொல் அது.

மெட்டே எழுதிக்கொண்டே இன்னொன்றைக் கேட்டாள். "அந்த முறை, அது வேறு யாருக்காவது தெரிந்திருந்ததா?"

அருள்நாயகி அதைத் தமிழில் கேட்டாள். கேட்கும்போதே பதில் இல்லை என்றுதான் இருக்கும் என்று எண்ணினாள். தனக்கே தெரியாதது வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்.

"ஒரு ஆளுக்குத் தெரியும். அவன்தான் என்னைத் தேடிப் பிடிச்சு வீட்டு வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டவன். உமக்குச் சொல்லக்கூடாது எண்டு நான் சத்தியம் வாங்கினன். அதுக்குப் பிறகு அவன் எங்கட வீட்டுப் பக்கம் வரேல்லை. சுபாங்கன் எண்டு பேர்."

இருபத்தேழு வருடத்தில் ஒருநாளும் அந்த வீட்டில் உச்சரிக்கப்படாத பெயர். கலியாண அல்பங்களிலும் இல்லை. பிறந்தநாள் வீடுகளிலும் இல்லை. கோவில் திருவிழாக்களிலும் இல்லை.

"ஆர் அவர்?" என்றாள் அருள்நாயகி. இந்தக் கேள்வி தாதிக்காகக் கேட்டதில்லை.

சிவபாலன் கதிரையில் சாய்ந்தார். களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

மெட்டே பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். "அந்தப் பெயரை எப்படி எழுதுவது?"

அருள்நாயகி நிமிர்ந்து இருந்து, தனக்குத் தெரியாத அந்த மனிதனின் பெயரை டேனிஷ்காரிக்கு விளங்கும்படி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.